30 கஜத்தில் முணுமுணுக்கத் தெரிந்த சிலேட்டு

வான்கோழி அழைப்பான் என்பது பெட்டையின் குரலை எழுப்பிச் சேவலை வரவழைக்கும் வேட்டைக் கருவி. அதை விற்பவர்கள் எல்லாரும் ஒரே பெருமையைத்தான் பேசுகிறார்கள்: சத்தம் எவ்வளவு தூரம் போகும். அடுத்த மலை முகடு வரை கேட்கும், காற்றடித்தாலும் கேட்கும் என்கிறார்கள். நான் வாங்கும்போது பார்ப்பது வேறு. சேவல் 30, 40 கஜத்துக்குள் வந்து கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அந்த நேரத்தில் இந்தச் சாமான் எவ்வளவு மெதுவாகப் பேசும்? அதற்கு என் கை எவ்வளவு அசைய வேண்டும்? இந்த இரண்டு கேள்விக்கும் நல்ல பதில் சொன்ன ஒரு சிலேட்டு அழைப்பானைப் பற்றி எழுதுகிறேன். என்னிடம் இருக்கும் மற்ற உரசல் வகைகள் (ஒன்றன் மேல் ஒன்றை உரசிச் சத்தம் எழுப்பும் அழைப்பான்கள்) அதே தூரத்தில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதையும் இடையில் சொல்கிறேன்.

நான் இருப்பது பென்சில்வேனியாவின் நடுப்பகுதியில். வீட்டிலிருந்து ராத்ராக் மாநிலக் காடு பக்கம்தான். இங்கே வசந்த கால வான்கோழி வேட்டை மே 1-ஐ ஒட்டி வரும் சனிக்கிழமை தொடங்கி மாதக் கடைசி வரை போகும். அதற்குள் பெரும்பாலான பெட்டைகள் சேவலோடு சேர்ந்து முட்டையிடத் தொடங்கியிருக்கும் என்பதால்தான் அந்தத் தேதி. நெஞ்சில் தாடி தொங்கும் பறவையை மட்டுமே சுடலாம். முதல் இரண்டு வாரம் நண்பகலோடு நிறுத்திவிட வேண்டும். பதுங்கிப் பதுங்கிப் பறவையை நெருங்கக் கூடாது. ஓரிடத்தில் உட்கார்ந்து கூப்பிட வேண்டும், வருவதும் வராததும் அதன் இஷ்டம். பேட்டரியில் பாடும் கருவிக்கு அனுமதி இல்லை. கையால் இயக்குவது, வாயால் ஊதுவது, இவ்வளவுதான். இந்தச் சட்டங்கள் எனக்கு ரொம்பப் பிடிக்கும். வேட்டையின் முழுப் பாரத்தையும் ஒரு சின்னக் கருவியின் மேலும் அதைப் பிடித்திருப்பவரின் பொறுமையின் மேலும் இவை வைத்துவிடுகின்றன.

இதில் உள்ள சிக்கல் என்னவென்றால், நாம் கேட்பது இயற்கைக்கு எதிரானது. காட்டில் சேவல் கூவினால் பெட்டைதான் அதைத் தேடிப் போகும். நாம் பெட்டையின் குரலில் உட்கார்ந்த இடத்திலிருந்து சேவலை வரச் சொல்கிறோம். அது பாதி தூரம் வரும். அப்புறம் நின்றுவிடும். 'நான் இவ்வளவு தூரம் வந்துவிட்டேன், இனி நீ வந்து முகத்தைக் காட்டு' என்பது அதன் நியாயம். 60, 70 கஜத்தில் இப்படி நின்றுகொண்டு இறகை விரித்து ஆடும் சேவலைப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தத் தவிப்பு தெரியும். துப்பாக்கிக்கு அது தூரம். 40 கஜத்துக்கு மேல் சுடக் கூடாது என்பது நான் விட்டுக்கொடுக்காத ஒன்று. ஆனால் அதன் கண்ணுக்கு அந்த 60 கஜம் ஒன்றுமே இல்லை. தலையைத் திருப்பாமலே சுமார் 270 பாகை வரை பார்க்கிற பறவை. நிறங்களை நன்றாகப் பிரித்துப் பார்க்கும். காது மடல் கிடையாது. இருந்தும் சத்தம் எந்த மரத்தடியிலிருந்து வந்தது என்பதைத் துல்லியமாகக் கண்டுபிடித்து, அந்த மரத்தையே முறைத்துக்கொண்டு நிற்கும். அந்த மரத்தில் சாய்ந்திருப்பது நாம்.

அனுபவசாலிகளில் பலர் இந்தக் கட்டத்தில் கைக் கருவியைக் கீழே வைத்துவிட்டு, வாய்க்குள் மேலண்ணத்தில் ஒட்டிவைக்கும் டயஃப்ரம் அழைப்பானுக்கு மாறுகிறார்கள். கை இரண்டும் துப்பாக்கியில் இருக்கும், அசைவே வேண்டாம். மிக நல்ல வழி. ஆனால் எனக்கு அது ஒத்துவராது. அண்ணத்தில் ரப்பர் பட்ட உடனே குமட்டும். அளவு குறைந்தது, சிறுவர்களுக்கானது, ஓரம் வெட்டியது என்று பார்த்தாயிற்று. என்னைப் போன்றவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். 'அப்படியானால் பக்கத்தில் வந்ததும் கூப்பிடாமல் இரு' என்பதுதான் எங்களுக்கு வழக்கமாகக் கிடைக்கும் அறிவுரை. அது பாதி உண்மை. மீதிப் பாதியை உரசல் அழைப்பானாலேயே செய்ய முடியும், சரியான கருவி கிடைத்தால்.

எனக்கு அது கிடைத்தது, குளிர்காலத்தில் எங்கள் மாவட்டத்தில் நடக்கும் வேட்டை, மீன்பிடி சாமான்கள் கண்காட்சியில். ஒரு பெரியவர் மடக்கு மேசை போட்டு, தான் கடைந்த அழைப்பான்களை வரிசையாக வைத்திருந்தார். எதிலும் பளபளப்பான அட்டை கிடையாது. அடியில் மரத்தின் பெயரும் அவருடைய பெயரின் முதலெழுத்துகளும் மட்டும் சூட்டு எழுத்தில் இருந்தன. நான் எடுத்தது வால்நட் மரத்தில் கடைந்த வட்டச் சட்டி, உள்ளங்கைக்குள் அடங்கும். மேலே சிலேட்டு. கூடவே ஹிக்கரி மரக் குச்சி ஒன்று. விலை 60 டாலருக்குக் கொஞ்சம் மேல். கடையில் தொங்கும் ஆலைத் தயாரிப்புகளைவிட இது மூன்று மடங்கு, ஆனால் அவர் ஒவ்வொன்றையும் என் காதருகே உரசிக் காட்டிவிட்டுத்தான் கையில் கொடுத்தார். 'சத்தமாக அடிப்பதை எல்லாரும் காட்டுவார்கள், மெதுவாக அடித்துப் பார்' என்று அவரே சொன்னார். அந்த ஒரு பேச்சுக்காகவே வாங்கியிருப்பேன்.

சிலேட்டு எங்கிருந்து என்று கேட்டேன். இந்த மாநிலத்தின் கிழக்கு ஓரத்தில், நார்தாம்ப்டன் கவுண்டியில், பென் ஆர்கில் பக்கத்துச் சுரங்கக் கல். கழித்துப் போட்ட பழைய பள்ளிக்கூடக் கரும்பலகையிலிருந்து வெட்டியது என்றார். அந்தப் பகுதிக்கே சிலேட்டு வட்டாரம் என்றுதான் பெயர். 19-ஆம் நூற்றாண்டில் வேல்ஸ் நாட்டுக் கல்லுடைப்பாளர்கள் வந்து குடியேறிய இடம். அங்கே இருக்கும் பேங்கர் என்ற ஊருக்குப் பெயர் வேல்ஸிலிருந்து வந்ததுதான். கூரைக்கும் கரும்பலகைக்கும் அங்கிருந்து கல் போயிருக்கிறது. எனக்குச் சிலேட்டு என்றால் ஒன்றாம் வகுப்பு. ஆந்திராவின் மார்க்காபுரத்திலிருந்து வந்த, மரச்சட்டம் போட்ட சிலேட்டு, கோவை இலையால் தேய்த்துத் துடைத்த சிலேட்டு. அந்தக் கல்லின் மேல் குச்சி இழுபடும்போது விரலுக்கு வரும் சின்ன நடுக்கம் எனக்குப் பழகியது. அதனால்தானோ என்னவோ, இந்தக் கருவி என் கையில் சீக்கிரம் படிந்தது.

உள்ளே இருக்கும் அமைப்பு எளிமையானது. மேலே சிலேட்டுத் தட்டு. அதற்குக் கீழே சிறு இடைவெளி விட்டு, ஒரு சின்ன மேடையின் மேல் ஒட்டிய இன்னொரு தட்டு. இவர் அதற்குக் கண்ணாடி போட்டிருக்கிறார். சட்டியின் அடியில் வட்டமாகத் துளைகள். குச்சி உரசி உண்டாக்கும் அதிர்வு உள்ளே சுழன்று அந்தத் துளைகள் வழியாக வெளியே வருகிறது. ஓரத்தை ஒட்டி உரசினால் சுருதி கூடும், நடுவை நோக்கிப் போகப் போகக் குறையும். நல்ல இடம் ஓரத்திலிருந்து ஓர் அங்குலம் உள்ளே என்பது பொதுக் கணக்கு. ஒவ்வொரு சட்டிக்கும் அது கொஞ்சம் மாறும். என்னுடையதில் இன்னும் சற்று உள்ளே.

துளைகளைக் கை மூடக் கூடாது, விரல் நுனிகளால் மட்டும் சட்டியைப் பிடிக்க வேண்டும் என்று எல்லாரும் சொல்லித் தருவார்கள். தூரத்துக்கு அது சரி. பக்கத்துக்கு நான் செய்வது நேர் எதிர். சேவல் 80 கஜத்துக்குள் வந்துவிட்டது என்று தெரிந்ததும், சட்டியைத் தொடையோடு சேர்த்து வைத்து, அடித்துளைகளில் பாதியை உள்ளங்கையால் மூடிவிடுவேன். சத்தம் உடனே மங்கும், கரகரப்பும் கூடும். 30 கஜத்தில் மேய்ந்துகொண்டிருக்கும் பெட்டை தனக்குத்தானே முனகிக்கொள்வதுபோல வரும். மலிவான சட்டிகளில் இப்படி மூடினால் ஒலியே செத்துப்போகும், அல்லது குச்சி வழுக்கிக் கீச்சிடும். இந்தப் பெரியவரின் சட்டியில் ஒலி சிறுத்தாலும் உடையவில்லை. மொத்த விமர்சனத்தில் எனக்கு மிக முக்கியமான வரி இதுதான்.

என்ன ஒலி எழுப்புவது என்பதும் தூரத்தைப் பொறுத்து மாற வேண்டும். தொலைவில் இருக்கும்போது யெல்ப்: கியோ, கியோ, கியோ என்று சீராக ஆறேழு தடவை. குச்சியைப் பென்சில் மாதிரி பிடித்து, கல்லை விட்டு எடுக்காமல் சின்ன வட்டங்கள் போட்டால் அது வரும். பக்கத்தில் வந்த பிறகு நான் யெல்ப்பைத் தொடுவதே இல்லை. அப்போது வேண்டியது கிளக், பர்ர் இரண்டும்தான். கிளக் என்பது ஒற்றைத் தட்டல்; குச்சியை லேசாக அழுத்தி, கால் அங்குலம் தன் பக்கம் இழுத்தால் டொக் என்று விழும். பர்ர் என்பது நிம்மதியாக மேயும் பெட்டையின் தொண்டைச் சத்தம். குச்சியின் எடையைத் தவிர வேறு அழுத்தம் கொடுக்காமல், அரை அங்குலக் கோடு ஒன்றை மிக மெதுவாக இழுக்க வேண்டும். குச்சி தானே கல்லின் மேல் துள்ளித் துள்ளிப் போகும். அந்தத் துள்ளல்தான் ர்ர்ர் என்று கேட்கிறது. இந்த இரண்டுக்கும் மணிக்கட்டு அசையவே தேவையில்லை, விரல் போதும். முழங்காலை உயர்த்தி உட்கார்ந்து, சட்டியை இரண்டு தொடைக்கும் நடுவில் வைத்துக்கொண்டால், எதிரில் நிற்கும் சேவலுக்கு முழங்கால் மட்டும்தான் தெரியும்.

அசைக்கும் நேரம் அதைவிட முக்கியம். சேவலின் தலை பெரிய மரத்துக்குப் பின்னால் போகும்போது, அல்லது அது இறகை விரித்து நமக்கு முதுகு காட்டித் திரும்பும்போது (விரிந்த வால் அப்போது அதன் கண்ணையே மறைக்கும்) ஒரு பர்ர், ஒரு கிளக். தலை வெளியே வந்தால் உறைந்துபோக வேண்டும். அது நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தக் கருவியையும் தொடக் கூடாது, எவ்வளவு நல்ல கருவியானாலும்.

போன வசந்தத்தில் ஒரு காலை இவை எல்லாம் ஒன்றாகக் கூடிவந்தன. பழைய மரம் இழுக்கும் பாதை ஒன்று மலைச்சரிவில் வளைந்து போகும் இடம். வளைவுக்கு இந்தப் பக்கம் ஒரு பருத்த செஸ்ட்நட் ஓக் மரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். வளைவைத் தாண்டிச் சேவல் தலையைக் காட்டினால் அங்கிருந்து எனக்கு 30 கஜம். அதற்கு முன்னால் அதால் என்னைப் பார்க்க முடியாது. இடம் தேர்வதில்தான் பாதி வேலை. பெட்டை எங்கே என்று தேடி அது எட்டிப் பார்க்கும் இடமே சுடும் தூரமாக இருக்க வேண்டும். சேவல் மேலே கிளையிலிருந்தே கூவிக்கொண்டிருந்தது. இறங்கிய பிறகு இரண்டு யெல்ப்புக்குப் பதில் சொன்னது, அப்புறம் மௌனம். கொஞ்ச நேரத்தில் மலை லாரல் புதருக்குப் பின்னாலிருந்து அந்தத் தாழ்ந்த ஒலி வந்தது: ஒரு சின்னத் துப்பல், அதைத் தொடர்ந்து தூம்ம்ம் என்று ஓர் அதிர்வு. காதால் கேட்பதைவிட நெஞ்சில் உணர்வதுதான் அதிகம். இறகு விரித்த சேவல் மிக அருகில் இருந்தால் மட்டுமே அது கேட்கும்.

உள்ளங்கையால் துளைகளை மூடி, ஒரு பர்ர் இழுத்தேன். பதில் இல்லை. குச்சியைக் கீழே வைத்துவிட்டு, விரல்களால் காய்ந்த இலைகளைக் கிளறினேன். ஒரு தரம், சற்று விட்டு வேகமாக இரண்டு தரம், பெட்டை காலால் சருகைக் கிளறும் தாளம் அது. புதருக்குப் பின்னால் இருந்த சேவலுக்குத் தரையோடு ஒட்டிய என் கை தெரிய வழியில்லை. பிறகு ஒரு கிளக், ஒரு நீண்ட பர்ர், அவ்வளவுதான். துப்பாக்கி ஏற்கெனவே முழங்காலில் இருந்தது. இதற்கு மேல் நான் ஒன்றும் செய்யவில்லை. அந்தச் செய்யாமல் இருப்பதற்குத்தான் பெரிய தைரியம் வேண்டும். வளைவில் முதலில் வந்தது வெள்ளையும் நீலமுமான தலை, பின்னால் செப்பு நிறத்தில் மின்னும் உடம்பு. அந்த வாரம் எங்கள் வீட்டுக் குக்கரில் மிளகும் சின்ன வெங்காயமும் போட்டுக் கால் கறி வெந்தது. காட்டு வான்கோழியின் கால் அழுத்தமானது, வறுத்தால் பல்லுக்கு வேலை. குழம்பாக வைப்பதுதான் அதற்கு மரியாதை.

இனி மற்ற வகைகள். கண்ணாடிச் சட்டி ஒன்றும் என்னிடம் இருக்கிறது, ஒரு பெரிய ஆலையின் தயாரிப்பு. காற்றடிக்கும் நாளில், எதிர்ச்சரிவில் இருக்கும் பறவையை எழுப்ப இதைவிட நல்லது இல்லை. ஆனால் பக்கத்தில் எனக்கு அதன் மேல் நம்பிக்கை இல்லை. கண்ணாடியில் கிளக் போட்டால் கூர்மையாக, கடினமாக விழுகிறது. வான்கோழி ஆபத்தைக் கண்டதும் எழுப்பும் எச்சரிக்கை ஒலியும் கிட்டத்தட்ட அதே தட்டல்தான், கொஞ்சம் கூடுதல் கூர்மை, அவ்வளவே. 35 கஜத்தில் கை சற்று அழுந்திவிட்டால் சேவலிடம் 'ஓடு' என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். சிலேட்டு அந்த விஷயத்தில் மன்னிக்கும் குணம் உள்ளது. அழுத்தம் கூடினாலும் அதன் குரல் முரடாகாது. அலுமினியத் தட்டு கண்ணாடியைவிடவும் கூர்மை. அதைப் பக்கத்து வேலைக்கு நான் சிபாரிசு செய்யவே மாட்டேன்.

பெட்டி அழைப்பான் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நீளமான மெல்லிய மரப்பெட்டி, மேலே துடுப்பு போன்ற மூடி, மூடியில் சுண்ணக்கட்டி பூசி விளிம்பில் உரச வேண்டும். ஆர்கன்சாஸ் மாநிலத்தின் டார்டனெல் ஊரைச் சேர்ந்த ஹென்றி கிப்சன் 1897-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். பின்னால் அலபாமாவின் லிஞ்ச் நிறுவனத்தார் இதை நாடு முழுக்கக் கொண்டுபோனார்கள். என் பக்கத்து வீட்டுக்காரர், எனக்கு இந்த வேட்டையைச் சொல்லிக்கொடுத்தவர், அவர் அப்பா வைத்திருந்த பழைய லிஞ்ச் பெட்டியை இன்னும் ரொட்டி வாங்கிய பிளாஸ்டிக் பையில் சுற்றிக் கொண்டுவருவார். அதன் யெல்ப்பைக் கேட்டால் எனக்கே எழுந்து போகத் தோன்றும். ஆனால் பெட்டி என்ற வகைக்கே இரண்டு கை வேண்டும், மூடி பக்கவாட்டில் கண்ணுக்குத் தெரியும்படி அசையும். அவரும் பறவை புலப்படும் தூரத்துக்கு வந்துவிட்டால் அதைத் தரையில் வைத்துவிடுவார். நிமிர்த்திப் பிடித்து, மூடியை விரலால் தடுத்துக்கொண்டு பர்ர் இழுக்க அவருக்குத் தெரியும். அவர் கைக்கு அது வரும். புதிதாகப் பழகுபவர்கள் அதைப் பக்கத்தில் முயலாமல் இருப்பது நல்லது.

பொத்தான் வகையை அனுபவசாலிகள் சிலர் மதிப்பதில்லை, எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சின்ன மரப்பெட்டி, ஒரு பக்கம் கம்பி, அழுத்தினால் உள்ளே உரசும். விலை 20 டாலரைச் சுற்றி. துப்பாக்கியின் முன்பிடியில் கட்டி, நூல் ஒன்றைக் கட்டிவிட்டால், இடது கை விரலால் இழுத்தே பர்ர் வரும். கை துப்பாக்கியை விட்டுப் போகவே வேண்டாம். முதல் வருஷம் வேட்டைக்குப் போகிறவர்கள், வயதான காலத்தில் விரல் நடுங்குகிறவர்கள், பிள்ளைகள் ஆகியோருக்குப் பக்கத்துத் தூரத்தில் இதுதான் சரியான கருவி. குரலில் ஆழம் குறைவு என்பது உண்மை. நடக்கும்போது பொத்தான் எதிலாவது பட்டுத் தானே கூவிவிடும் என்பதும் உண்மை. கம்பிக்குக் கீழே ஒரு துண்டு துணியைச் செருகிவைத்தால் சரியாகிவிடும்.

மறுபடி என் சிலேட்டுக்கு வருகிறேன். குச்சி பற்றி நிறையப் பேர் கவலைப்படுவதில்லை. என் அனுபவத்தில் சட்டி பாதி, குச்சி பாதி. கூட வந்த ஹிக்கரிக் குச்சி கனமான, கரகரத்த, வயதான பெட்டையின் குரல் கொடுக்கிறது, யெல்ப்புக்கு அருமை. ஆனால் மெதுவான பர்ருக்கு அதன் எடை அதிகம். அந்தப் பெரியவரிடமே பிறகு மக்காச்சோளக் கதிரின் சக்கையைத் தலையாகப் போட்ட ஒரு குச்சி வாங்கினேன், பழைய காலத்து வழக்கம் அது. தலை லேசாக இருப்பதால் நுனி கல்லின் மேல் மிதக்கிற மாதிரி நகர்கிறது. பக்கத்துப் பர்ருக்கு இப்போது அதைத் தவிர வேறு எடுப்பதில்லை. குச்சி மாறினால் பெட்டையும் மாறிவிடுகிறது என்பது இன்னொரு லாபம். ஒரு குரலுக்கு அசையாத சேவல் சில நேரம் இன்னொரு குரலுக்கு நகர்கிறது.

குறைகளும் இருக்கின்றன. முதலாவது ஈரம். சிலேட்டும் மரக்குச்சியும் மழையில் ஊமை. மே மாதத்துப் பனி ஈரம் பட்டாலே நுனி வழுக்கத் தொடங்கும். கண்ணாடிச் சட்டியும் கார்பன் குச்சியும் தூறலில் வேலை செய்யும், இது செய்யாது. மழை நாளுக்கு வேறு ஒன்று கூட வேண்டும். இரண்டாவது, சட்டியின் மேல் பூசிய வார்னிஷ். பார்க்க அழகு, கையில் வழுக்குகிறது, வெயில் பட்டால் மின்னுகிறது. பக்கத்துத் தூரத்தில் ஒரு மின்னல் போதும் எல்லாம் கெட. நான் நுண்ணிய உப்புத்தாளால் அந்தப் பளபளப்பைத் தேய்த்து எடுத்துவிட்டேன். செய்தவரிடமும் சொன்னேன், வருத்தப்படாமல் கேட்டுக்கொண்டார். மூன்றாவது, குச்சி கொஞ்சம் நீளம். மடக்கிய முழங்காலுக்குப் பின்னால் வைத்து உரசும்போது அதன் மேல்நுனி வெளியே எட்டிப் பார்க்கிறது. அரை அங்குலம் குறைத்திருந்தால் நன்றாக இருக்கும்.

பராமரிப்பு சுலபம், ஒழுங்காகச் செய்தால். கல்லின் மேல் விரல் படவே கூடாது. தோலின் எண்ணெய் ஏறினால் அந்த இடம் வழுக்கும். வாரம் ஒரு முறை மிக நுண்ணிய உப்புத்தாளால் ஒரே திசையில் லேசாகத் தேய்த்து, தூளை ஊதிவிட வேண்டும், தண்ணீர் வைத்துத் துடைக்கக் கூடாது. உரசுவது அந்தக் கோடுகளுக்குக் குறுக்கே இருக்க வேண்டும். குச்சியின் நுனியையும் அவ்வப்போது தேய்க்க வேண்டும். அங்கே படியும் பளபளப்புதான் பாதிக் கீச்சலுக்குக் காரணம்.

பாதுகாப்பைப் பற்றி அழுத்தமாக ஒன்று. இந்தச் சிலேட்டு எவ்வளவு நன்றாகப் பெட்டை மாதிரி பேசுகிறதோ, அவ்வளவுக்கு இன்னொரு வேட்டைக்காரரையும் அது ஏமாற்றும். பதுங்கி நெருங்கக் கூடாது என்று சட்டம் இருந்தாலும் நெருங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தோளைவிட அகலமான மரத்தில் முதுகைச் சாய்த்துத்தான் உட்கார வேண்டும். சிவப்பு, வெள்ளை, நீலம் உடம்பில் எங்கும் தெரியக் கூடாது, கைக்குட்டை உட்பட. சேவலின் தலையில் இருக்கும் நிறங்கள் அவை. யாராவது வருவது தெரிந்தால் கை அசைக்காமல், அழைப்பானைத் தொடாமல், உரக்க மனிதக் குரலில் பேச வேண்டும். காலை வேட்டை கெட்டுப்போகும், போகட்டும்.

இந்தப் பறவை இங்கே இருப்பதே ஒரு பெரிய உழைப்பின் பலன். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பென்சில்வேனியாவில் இந்த நடு மலைத்தொடர்களை விட்டால் வேறெங்கும் அநேகமாக இல்லை என்ற நிலை. பண்ணையில் வளர்த்துவிட்ட பறவைகள் காட்டில் தாக்குப்பிடிக்கவில்லை. காட்டுப் பறவைகளையே வலைபோட்டுப் பிடித்து வேறு காடுகளில் விட்ட பிறகுதான் பெருகின. 1968-இல்தான் இந்த மாநிலத்தில் வசந்த கால வேட்டையே தொடங்கியது. துப்பாக்கிக்கும் தோட்டாவுக்கும் 1937-ஆம் வருஷச் சட்டப்படி நாம் கட்டும் வரி இந்த மாதிரிக் காட்டுயிர்ப் பாதுகாப்பு வேலைக்குத்தான் போகிறது. அதனால் தூரத்தில் நிற்கும் சேவல் மேல் ஆசைப்பட்டுச் சுட்டுக் காயப்படுத்துவதைவிட, இன்னொரு பர்ர் இழுத்துக் காத்திருப்பதும், வராவிட்டால் விட்டுவிட்டு வருவதும் எனக்குச் சரியாகப் படுகிறது. மெதுவாகப் பேசும் கருவியை நான் இவ்வளவு வலியுறுத்துவதற்கு இதுவும் ஒரு காரணம்.

யார் வாங்கலாம்? டயஃப்ரம் வாயில் நிற்காதவர்கள், அடர்ந்த காட்டில், வளைவும் புதரும் உள்ள இடத்தில் வேட்டையாடுகிறவர்கள், கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். திறந்த வயல்வெளியில் உட்காருகிறவர்களுக்கு இது அவ்வளவு உதவாது. அங்கே எப்படி மறைத்தாலும் கை தெரியும், பொத்தான் வகையே மேல். கண்காட்சியிலோ கடையிலோ எந்தச் சிலேட்டை எடுத்தாலும், உரக்க உரசிப் பார்த்து மயங்கிவிடாதீர்கள். அடித்துளைகளை உள்ளங்கையால் மூடி, ஒரு பர்ர் இழுத்துப் பாருங்கள். கூட வந்தவரை நாலைந்து அடி தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அவருக்கு அது உடையாமல், கரகரப்போடு கேட்டால் பணத்தைக் கொடுங்கள். லேசான தலை உள்ள இரண்டாவது குச்சி ஒன்றையும் அங்கேயே, அதே சட்டியில் உரசிப் பார்த்து வாங்கிவிடுங்கள். இரண்டு குச்சியையும் சட்டியோடு ஒரே பையில் போடாமல், சட்டைப் பையில் தனியாக, நுனி எதிலும் படாதபடி வைத்துக்கொள்ளுங்கள்.